வேலியோரம் கேட்ட சத்தம்

பண்ணை, மைல்ஸ் சிட்டி, மான்டனா
ஏப்ரல் 12

அன்புள்ள ஆர்லிஸ்,

நலமா என்று கேட்டால், "இப்பத்தான் தோணுச்சா?" என்பாய். அதனால் கேட்கவில்லை.

கோபித்துக்கொண்டு உன் தங்கை மார்வா வீட்டுக்குப் போனாய், சரி. நிக்கலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாயே, அது என் கையால் பழக்கிய குதிரை! இப்போது ஏதோ சவாரிப் போட்டியில் இறங்குகிறாயாம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? அடுத்த மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட வேண்டும். உதவிக்கு வருகிறவர்களுக்கு யார் சமைப்பது?

போட்டிக்குப் போயே தீருவேன் என்றால் கேட்டுக்கொள். கடிவாள வாரை இறுக்காதே. கீழே பார்க்காதே. இடப்பக்கம் திரும்ப அவன் சோம்பல்படுவான், காலால் தட்டு.

உன்
டெல்பர்ட்

மார்வா வீடு, கிளென்டைவ்
ஏப்ரல் 19

அன்புள்ள டெல்பர்ட்,

நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை, பாருங்கள். முட்டை பொரிக்கும்போதுகூடப் பின்னால் நின்று "தீயைக் குறை" என்கிற மனிதரோடு இத்தனை வருஷம்! உங்கள் கடிதமும் பின்னால்தான் நிற்கிறது.

இந்தப் போட்டியில் வெள்ளிச் சேணம் வேண்டாம், குளம்புக்கு மெருகு வேண்டாம். பண்ணையில் வேலை செய்கிற குதிரை மாதிரி நடந்து, ஓடி, கட்டையைத் தாண்டி, சொன்ன இடத்தில் நின்றால் போதும். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஒரு பல் டாக்டரும் நானும்தான் அதில் மூத்தவர்கள். காலமெல்லாம் உங்கள் மாடுகளுக்குப் பின்னால் செய்த வேலைதான். இங்கே அதற்கு மார்க் போடுகிறார்கள்.

மே 4 போட்டி. முடிந்ததும் வீடு திரும்புவதா என்று யோசிப்பேன். நீங்கள் வர வேண்டாம்.

ஆர்லிஸ்

கிளென்டைவ்
மே 5

டெல்பர்ட்,

இன்றைக்கு "அன்புள்ள" கிடையாது.

வர வேண்டாம் என்றேன், வந்தீர்கள். வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? நிக்கல் என் சொல் கேட்டு அழகாகப் பறந்துகொண்டிருந்தான். வேலியில் தொங்கியபடி "வோ! வோ! ரொம்ப வேகம்டி!" என்று கத்தினீர்களே! உங்கள் குரலில் "வோ" கேட்டால் நிற்கப் பழக்கியது நீங்கள்தானே? களத்தின் நடுவில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். கடைசி இடம்தான் கிடைத்தது! அந்தக் கட்டத்தில் வேகமாகத்தான் போக வேண்டும், மனுஷா!

வீட்டுக்கு வருவதை மறந்துவிடுங்கள்.

ஆர்லிஸ்

பண்ணை
மே 11

அன்புள்ள ஆர்லிஸ்,

தப்புதான். நீ விழுந்துவிடுவாய் என்று பயந்துவிட்டேன், வாய் முந்திக்கொண்டது.

சூடு போட வந்தவர்களுக்கு நானே பீன்ஸ் வைத்தேன். எல்லோரும் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார்கள். தீயைக் குறை என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த போட்டி எப்போது? வேலிப் பக்கமே வரமாட்டேன். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாரைப் பற்றி ஒன்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

டெல்பர்ட்

கிளென்டைவ்
மே 20

அன்புள்ள டெல்பர்ட்,

ஜூன் 1, அதே களம். வண்டிக்குள் ஒளிய வேண்டாம், வேலியோரமே நில்லுங்கள்.

தினமும் இங்கே மார்வாவை வேலியோரம் நிறுத்தி, உங்களைப் போலவே தொண்டை கிழியக் கத்தச் சொல்கிறேன். முதலில் நிக்கல் நின்றான். இப்போது காதை மட்டும் திருப்பிவிட்டு ஓடுகிறான். நான் சொன்னால்தான் நிற்கிறான். ஆனால் மார்வா குரல் வேறு, உங்கள் குரல் வேறு. அதனால் நீங்களே வந்து ஆசை தீரக் கத்துங்கள்.

நின்றுவிட்டானென்றால் உங்கள் குதிரையை நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள், நான் வரவில்லை. நிற்காமல் ஓடினால், அன்று சாயங்காலமே அவனும் நானும் வீட்டுக்கு வருகிறோம்.

ஆர்லிஸ்