நான் சொன்ன பித்தப்பைக் கல்

அன்பு மச்சானுக்கு,

கபுருஸ்தானுக்கு வந்து சொல்ல வேண்டிய சலாமைக் காகிதத்தில் சொல்கிறேன். நேரில் வர மனம் துணியவில்லை. நீங்கள் மண்ணுக்குள் இருந்தாலும் உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் நஸ்ரினுக்குப் படப்பையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், அவர் மட்டும் வரவில்லை. அக்கா செய்த பிரியாணியில் நீங்கள்கூடக் குறை கண்டுபிடித்திருக்க முடியாது.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார். "பொண்ணோட அத்தா எப்படித் தவறினாரு? ஈரல்னு யாரோ சொன்னாங்களே?"

நான் முந்திக்கொண்டேன். "சேச்சே, ஈரல்லாம் இல்லீங்க. பித்தப்பையில கல்லு. ஆபரேஷன்ல சிக்கலாயிடுச்சு."

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாதா? ஈரல் என்று வாயைத் திறந்தாலே நம் ஆட்கள் பாட்டிலைத் தேடுவார்கள். நீங்கள் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். மஞ்சள் காமாலை வைரஸ் உடம்பில் தங்கியே கட்டி வரும் என்று எத்தனை பேருக்கு விளக்குவது? அதிலும், போட்டதே ஆல்கஹால் ஊசி என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் படம் வரைந்து காட்டியது நினைவிருக்கிறதா? கட்டி பித்தக் குழாயை ஒட்டி உட்கார்ந்திருந்தது. சூடேற்றும் ஊசியால் சுட்டால் குழாயும் வெந்துவிடும், அதனால் சூடே இல்லாமல் ஆல்கஹாலைக் கட்டிக்குள் செலுத்திக் கொல்லலாம் என்றார். நமக்கு விலக்கப்பட்டதாயிற்றே என்று நான் பதறினேன். நீங்களோ நேராகப் பள்ளிவாசல் அஜரத்திடம் போய்க் கேட்டீர்கள். "மருந்துதானே பாய், தாராளமா போட்டுக்குங்க" என்றார் அவர். அதன்பிறகு நம் முடிச்சூர் ரோடு பிளைவுட் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "இத்தினி வயசு வரைக்கும் தொட்டதில்ல, இப்ப டாக்டரே ஊத்திவுடறாரு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் பலகை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அந்த ஊசிதான் நஸ்ரின் காலேஜ் முடிப்பதைப் பார்க்க உங்களுக்குச் சில வருஷம் கொடுத்தது. அப்புறம் வேறு இடத்தில் வந்த கட்டி எதற்கும் அடங்கவில்லை.

கல் என்றதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. நம்பவில்லை போல என்று நினைத்து, நான் கல்லின் அளவு வரைக்கும் அளந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நஸ்ரின் வந்துவிட்டாள்.

"போதும் மாமா. எங்க அத்தாவுக்கு ஈரல்லதான் கட்டி. ஆல்கஹால் ஊசிதான் போட்டாங்க. அவரே எல்லார்கிட்டயும் சொன்னாரு, நீங்க ஏன் மறைக்கறீங்க?"

சம்பந்தம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார்.

"அதைக் கேக்கத்தாம்மா சுத்தி வளைச்சேன். எங்க வூட்டுக்காரருக்கும் அதே எடம், குழாய் பக்கத்துல. சுட முடியாதுன்னுட்டாங்க. வெளிய சொன்னா குடிகாரன்னுடுவாங்கன்னு நானும் வாயத் தொறக்கல. அந்த டாக்டர் எங்க கீறாரு?"

மச்சான், நஸ்ரின் வராமலிருந்தால், என் பேச்சை நம்பி அவர் டாக்டரைப் பற்றிக் கேட்காமலே போயிருப்பாரே? உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஓர் ஆளின் உயிருக்குக் குறுக்கே நின்றிருக்கிறேன். நீங்கள் மறைக்கச் சொல்லவே இல்லையே!

நம் டாக்டருக்குப் போன் செய்தேன். வெளிநாட்டில் மின்சாரத்தாலேயே, சூடில்லாமல் கட்டியைக் கொல்லப் பார்க்கிறார்களாம். இங்கே வர நாளாகுமாம். அதுவரை உங்களுக்குப் போட்ட அதே ஊசி இருக்கிறது, ஆளை ஸ்கேனோடு கூட்டி வரச் சொன்னார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவை நானே அழைத்துப் போகிறேன். ஊசி போட்டுத் திரும்பும்போது, ஸ்பிரிட் வாசனை அடிக்க அடிக்க, தாம்பரம் ரயிலில் அவரை ஒட்டி உட்காருவேன். யாராவது முகம் சுளித்தால், பெட்டி முழுக்கக் கேட்கும்படி உங்களைப் போலவே சொல்வேன்: "டாக்டரே ஊத்திவுட்டாரு!"

நஸ்ரினின் முகத்தை இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியாத அவள் மாமா,
உங்கள் மச்சினன் காசிம்