இரைச்சலுக்கு அடியில் என் குரல்

7 நவம்பர் 2005, திங்கள்

காலையில் மீன்காரக் குப்பம்மா கூடையை இறக்கியதும், "சங்கரா என்ன விலை?" என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. மறுபடி கேட்டேன். "இன்னா டீச்சரம்மா, வாய்ல கொயக்கட்டையா? சத்தமா சொல்லு" என்றாள். நான் மூச்சைச் சேர்ப்பதற்குள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் ஆபேல் வந்து, "அவங்களுக்கு வஞ்சிரம்தான் வேணும், நாலு துண்டு போடு" என்று முடித்துவிட்டார். எனக்கு வஞ்சிரம் வேண்டாம். வேண்டவே வேண்டாம்! ஆனால் மத்தியானம் வஞ்சிரக் குழம்புதான் வைத்தேன், அதைத்தான் தின்றேன்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். குரல் நரம்பு ஒன்று வேலை செய்யவில்லை. சிலருக்கு இப்படி ஆவதுண்டாம். வருவதானால் ஒரு வருஷத்துக்குள் தானாக வருமாம். பதினாறு வருஷம் அறுபது பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திய தொண்டையிலிருந்து இப்போது முக்கால்வாசி காற்றுதான் வருகிறது. பள்ளியில் நீண்ட விடுப்பு. வீட்டில் ஆபேல் எனக்கும் சேர்த்துப் பேசுகிறார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் மனசாரத் திட்டியாவது இருப்பேன்.

10 நவம்பர்

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். "சகோதரி இப்ப எப்படி இருக்காங்க?" என்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆபேலிடம் கேட்டார்.

14 நவம்பர்

இரும்புலியூருக்குப் போனேன். ஏகநாதன் சார் வீட்டு மாடியில், பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்து சி.டி. போடுகிறார்கள். சாருக்கும் பார்வை கிடையாது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வருஷம் நானும் அங்கே படித்திருக்கிறேன். இப்போது எனக்கு, மற்றவர்கள் படித்ததைப் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்க்கும் வேலை.

ப்ளஸ் டூ வரலாறு படிப்பதாக இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். மார்ச்சில் பரீட்சை. பதினான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

"நான் படிக்கிறேன் சார்" என்றேன். எப்படிச் சொன்னேன், தெரியவில்லை.

சார் தலையை என் பக்கம் சாய்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன்.

"நாளான்னைக்கு வந்துடுங்க" என்றார்.

16 நவம்பர்

பதிவு அறை என்பது பழைய சாமான் அறை. நாலு சுவரிலும் பஞ்சு மெத்தை. கதவைச் சாத்தினால் பீரோவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஒலிப்பதிவு செய்பவள் ஷர்மிளா, அஸ்தினாபுரத்துப் பெண், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கதவுக்கு வெளியே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலில் நல்ல மைக் ஒன்றை வைத்தாள். என் குரலை எடுத்தது, கூடவே ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி, எலெக்ட்ரிக் டிரெயின், விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம், கீழ்வீட்டுக் குக்கர் எல்லாவற்றையும் எடுத்தது. பிறகு மேடைக்காரர்கள் வாயருகே பிடித்துப் பேசுவார்களே, அந்த மைக். அது பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் கேட்கும். ஆனால் அது அனுப்பும் சத்தம் ரொம்பக் குறைவு. என் குரலோ அதைவிடக் குறைவு. ஷர்மிளா மிக்ஸரில் குமிழைக் கடைசிவரை திருகினாள். என் குரல் கேட்டது, கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். அப்பளம் பொரிக்கிற இடத்தில் நின்று அசோகரைப் பற்றிப் பேசுகிறேன்.

"மிக்ஸர் கஷ்டப்பட்டுத் தூக்குது அக்கா. தூக்கும்போது அதோட இரைச்சலும் சேந்து வருது" என்றாள்.

ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில் நான் இருந்தேன். என் பழைய குரல். எனக்குத் தெரியும்.

22 நவம்பர்

கம்ப்யூட்டரில் இரைச்சலைக் கழித்துப் பார்த்தாள். இரைச்சல் போயிற்று, என் எழுத்துகளில் பாதியும் போயிற்று. மிச்சம், தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து ஒரு பொம்பளை புலம்புகிறாள்.

25 நவம்பர்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஆபேல் ஏகநாதன் சாருக்கு போன் செய்து, "அவங்க இனிமே வரமாட்டாங்க சார், தொண்டையை வருத்திக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். ஈரத்தலையோடு நின்று கத்தினேன். கத்தினேன் என்று எழுதுகிறேன், வெறும் சீறல். ஏன் என்னைக் கேக்கல? ஏன் ஒரு வார்த்தை கேக்கல? அவர், "சரி சரி, டென்ஷன் ஆகாத அபி, இன்னும் கெட்டுடும்" என்று விசிறினார். விசிறுகிறார்!

மேஜைமேல் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருக்கிறது. உடல்நிலை காரணமாக விருப்ப ஓய்வு. கீழே அபிகாயில் என்று என் பெயர். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

26 நவம்பர்

கையெழுத்துப் போடவில்லை. இரும்புலியூருக்குப் போனேன்.

2 டிசம்பர்

மழை. முடிச்சூர் பக்கமெல்லாம் வெள்ளம். ஷர்மிளா எப்படியோ ரிச்சி ஸ்ட்ரீட் போய் நாலு டிரான்சிஸ்டர் வாங்கி, ஒரு தகர மிட்டாய் டப்பாவுக்குள் வைத்துப் பற்றவைத்து வந்திருக்கிறாள். மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டும். மிக்ஸர் தன் ஒயர் வழியாகவே இதற்குக் கரண்டு அனுப்பும். சத்தத்தை மைக் பக்கத்திலேயே சுத்தமாகத் தூக்கிவிட்டால், மிக்ஸர் அவ்வளவு திணற வேண்டாமாம்.

மாட்டினோம். ஒன்றுமே கேட்கவில்லை. இரைச்சல்கூட இல்லை. பிரித்து மறுபடி பற்றவைத்தாள். இல்லை. மத்தியானச் சோறு சாப்பிடாமல் மூன்று முறை. "பேஜாரா கீது அக்கா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். படித்த பெண், கோபம் வந்தால்தான் இந்தப் பேச்சு வரும்.

6 டிசம்பர்

டப்பாவில் குறையே இல்லை. ஒயரில்தான். அந்தப் பழைய வீட்டில் எர்த் சரியில்லாமல் எப்போதும் 'உம்' என்று ஒரு சத்தம் வருமாம். அதற்காக இரண்டு வருஷத்துக்கு முன் எல்லா மைக் ஒயரிலும் ஒரு முனையில் எர்த் கம்பியை அவளே வெட்டிவிட்டிருக்கிறாள். மைக் அதில்லாமலும் பாடியது. ஆனால் டப்பாவுக்குப் போன கரண்டு திரும்பி வர அந்தக் கம்பிதான் வழி. "என் கையாலயே வெட்டிட்டு டப்பாவை நோண்டிகினு இருந்திருக்கேன்" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். கம்பியைச் சேர்த்தாள்.

ஒரு பக்கம் படித்தேன். வெளியே வந்து ஹெட்போனை மாட்டினேன்.

இரைச்சல் இல்லை. துளி இல்லை. குரல் மட்டும்.

அது நான் இல்லை. பிசிறு பிசிறாக, நடுவில் உடைந்து, வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கி — யாரோ நோயாளி. அடியில் பழைய அபிகாயில் டீச்சர் இருக்கிறாள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேனே. எங்கே அவ? யாருமே இல்லையே. இதுதான். இவ்வளவுதான் நான். இரைச்சல் இருந்தபோது அதையாவது குறை சொல்லலாம். ஷர்மிளா, "சூப்பரா வந்திருக்குல்ல அக்கா!" என்று சிரித்தாள். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

7 டிசம்பர்

போகவில்லை. படுத்தே கிடந்தேன். கடிதத்தை எடுத்துப் பேனாவோடு உட்கார்ந்தேன், வைத்துவிட்டேன்.

9 டிசம்பர்

சார் போன் செய்தார். நல்லவேளை, ஆபேல் ஆபீசில். "கேட்டேன் டீச்சர். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா விழுது."

"அசிங்கமா இருக்கு சார்."

"அழகா வேணும்னா பசங்க ரேடியோ போட்டுக்குவாங்க. அவங்களுக்குப் பாஸாகணும்."

சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் வந்தது. நாளைக்குப் போகிறேன்.

2 ஜனவரி 2006

ஒன்பது பாடம் முடிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் தொண்டை தாங்குவதில்லை. மெத்தைச் சுவர் வேர்க்கிறது, நான் வேர்க்கிறேன்.

14 ஜனவரி

சார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படித்தவரே தன் பதிவைச் சரிபார்க்கக் கூடாது. கண் பழகிய தவறு காதுக்கும் படாது. வேறொருவர் புத்தகத்தில் விரல் வைத்துக் கேட்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது. பொங்கல் லீவில் ஆள் கிடைக்கவில்லை. சார் நேராக ஆபேலையே கேட்டுவிட்டார். ரயில்வே கணக்குப் பிரிவில் இருக்கிற மனுஷன், தவறு கண்டுபிடிக்கச் சொன்னால் மறுப்பாரா?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து மூன்று பாடம் கேட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹெட்போனைக் கழற்றியவர் முதலில், "நூத்திப் பன்னண்டாம் பக்கம், ஒரு வரி விட்டுட்ட" என்றார். புத்தகத்தை மூடினார்.

"அபி, வீட்லயும் நீ இப்படித்தான் பேசுறியா?"

"இப்படித்தான்."

"வாக்கியத்தை முடிக்கிறியே."

"நீங்க விட்டாதானே."

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

30 ஜனவரி, திங்கள்

விடுப்பு இன்றோடு முடிகிறது. பள்ளித் தாளாளர் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். கையெழுத்துப் போடாத அந்தக் கடிதம் ஆபேல் பையில் இருந்தது.

தாளாளர் வழக்கம்போல் ஆபேலைப் பார்த்துத்தான் கேட்டார். "என்ன சார், மேடம் என்ன முடிவு பண்ணியிருக்காங்க?"

ஆபேல் தொண்டையைச் செருமினார்.

"அவங்களே சொல்வாங்க சார். ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

பியூன் நிறுத்தினார். நான் பேசினேன். ஓய்வு வேண்டாம், ஜூன்வரை விடுப்பு வேண்டும், ஜூனில் வகுப்பில் ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டும், மைக்குக்கு ஒரு டப்பா நான் கொண்டுவருவேன். தாளாளர் மேஜைமேல் முன்னால் சாய்ந்து கேட்டார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் "என்ன?" என்று ஆபேல் பக்கம் திரும்பினார். ஆபேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் நானே பதில் சொன்னேன்.