எழுபத்தொன்றுக்குப் பிறகு

ஜூன் 3

கடைசிக் காட்சியின் ஷாட்டுகள் இன்று என் எடிட்டிங் மேஜைக்கு வந்தன. எனக்குப் பத்து வயதானபோது நானும் தங்கையும் அட்டை கிழியும்வரை படித்த நாவல்தான் படமாகிறது. ஒளிந்துபிடித்து விளையாடும் அக்காவும் தங்கையும் ஒரு சுவருக்குள் இருக்கும் நாட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே வரும் கதவு ஒருத்திக்குத்தான் திறக்கும். "நீ போய் ஒளிஞ்சுக்கோ, நான் நூறு எண்ணிட்டு வர்றேன்" என்று சின்னவள் பெரியவளை அனுப்பிவிடுகிறாள். பெரியவள் வெளியே வந்து சுவரில் காதை வைத்துக் கேட்கிறாள். உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கிறாள் சின்னவள். புத்தகம் அங்கேயே முடிந்துவிடும்.

நடித்த குழந்தை இன்னும் டப்பிங் பேசவில்லை. அதுவரை இடத்தை நிரப்ப ஏதாவது ஒரு குரல் வேண்டும். வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது.

ஜூன் 4

போட்டுவிட்டேன். தங்கையின் குரல், ஏழு வயதில். அந்தக் கடைசி அத்தியாயத்தை நாங்கள் நடித்துப் பார்த்தபோது பதிவு செய்தது. "அறுபத்தொம்போது, எழுபது, எழுபத்தொண்ணு." பிறகு டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். எதற்கோ எழுந்து போய் ஏசியை நிறுத்தினேன்.

ஜூன் 9

டைரக்டர் பார்த்தார். இரண்டு தடவை போடச் சொன்னார். "யாரும்மா இந்தக் குழந்தை? டப்பிங்கே வேணாம், இதையே வச்சுக்கலாம்."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு சார்."

வாயில் வந்தது அதுதான். செத்துப்போன தங்கை என்றால் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 20

தயாரிப்பாளர் குண்டைத் தூக்கிப் போட்டார். சின்னவள் திரும்பி வரவேண்டுமாம். நூறு எண்ணி முடிப்பாள், சுவர் பிளக்கும், அக்காவைக் கட்டிக்கொள்வாள். "குழந்தைங்கள அழவச்சு அனுப்பினா அடுத்த வாரம் தியேட்டர்ல ஈதான் ஓட்டணும்."

நான் எகிறிவிட்டேன். "அவ வராததுதான் சார் கதையே! வந்துட்டா அது வேற புத்தகம்!"

"எடிட்டரம்மாவுக்கு என்ன இவ்வளவு கோவம்?" என்று சிரித்தார். டைரக்டர் மசிந்துவிட்டார். எழுந்து போகும்போது என்னிடம் சொன்னார்: "அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணை ஒருநாள் கூட்டிட்டு வாங்க. மீதி இருபத்தொம்போதையும் சொல்லிட்டுப் போகட்டும்."

ஜூன் 21

எங்கே போய்க் கூட்டி வர?

ஜூன் 25

வெட்டி ஒட்டிப் பார்த்தேன். எழுபத்தொண்ணிலிருந்து முன்பாதி, அறுபத்திரெண்டிலிருந்து பின்பாதி. இப்படியே எழுபத்தொன்பது வரை வந்துவிட்டாள். அதற்குமேல் வழியில்லை. எண்பது, தொண்ணூறு, நூறு – இந்த மூன்றையும் அவள் டேப்பில் சொல்லவே இல்லை.

சொல்ல விடவில்லை. எழுதியே தொலைக்கிறேன். அந்த டக் சத்தம் என் விரல். அவள் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருக்கும்போதே டேப்ரிக்கார்டரை நிறுத்தி, அதையும் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்கு நழுவிவிட்டேன். அன்று சாயங்காலம்வரை மழை. நான் திரும்பி வந்தபோது வாசலில் அவள் ஷூ ஈரமாகக் கிடந்தது. நாலாம் நாள் காய்ச்சல். அடுத்த வாரம் அவள் இல்லை. மழைக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். அவர் என்னத்தைக் கண்டார்? என்னைத் தேடித்தானேடி போனே? யாரு உன்னை வெளிய வரச் சொன்னது?

ஜூன் 28

ஸ்டுடியோவில் நாலு மாடி. படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறேன். எழுபத்தொன்றில் கால் நின்றுவிடுகிறது.

ஜூலை 2

அம்மாவிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டேன். அசையாமல் கேட்டாள். டேப் நின்ற பிறகும் கழற்றவில்லை. உதடு அசைந்தது. எழுபத்திரெண்டு, எழுபத்திமூணு... நூறுவரை போனாள்.

"அன்னைக்கு முழுசா எண்ணினாடி. நான் அடுப்படியிலதான் இருந்தேன். நூறுன்னு கத்தினா. 'அக்கா ஏமாத்திட்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே வந்து படுத்துத் தூங்கிட்டா. வெளியில எங்கயும் போகல."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா?"

ஷூவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அம்மா ஹெட்போன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுருட்டினாள். நான் கேட்கவில்லை.

ஜூலை 4

டைரக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "என்ன செய்யணுமோ நீங்களே செய்யுங்க" என்றார்.

செய்தேன். சுவருக்குள் இருக்கும்வரை என் தங்கை எண்ணுகிறாள். எழுபத்தொன்றில் சுவர் விரிசல் விடும். அங்கிருந்து நடித்த குழந்தையின் குரல், பளிச்சென்று. விரிசலுக்குத் தனியாகச் சத்தம் எதுவும் சேர்க்கவில்லை. என் விரல் அழுத்திய அந்த டக் சத்தத்தையே விட்டுவைத்தேன்.

நவம்பர் 14

படம் வெளிவந்தது. அம்மாவை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். சின்னவள் "நூறு!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்ததும் தியேட்டரில் இருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டின. தயாரிப்பாளர் ஜெயித்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "புத்தகத்துல அந்தச் சின்னது வராதுல்ல?"

"வராதும்மா."

"வந்தா நல்லாத்தான் இருக்கு."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஈர ஷூவைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன்.