சிமெண்டு ஒட்டிய இறக்கை

ஜூன் 19, வியாழன்

தேதி மருமகள் போட்டது. என் கணக்கில் இது பழைய பேருந்து நிலையத்தை இடித்த வருஷம். எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆனதும், எதிர்வீட்டுத் தையல்காரர் எழுபது வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு தெருவையே வாயடைக்க வைத்ததும் இதே வருஷம்தான். பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதெல்லாம் சுவர் பூசத்தான். அதனால் நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். குஞ்சு என்ன தின்றது, எத்தனை கிராம் இருக்கிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லிப் பறவை டாக்டரம்மாவின் உத்தரவு.

நேற்று நடந்தது. மாடி ஜன்னலை ஒட்டி, கூரைக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், கை நுழைகிற அளவு ஒரு பொந்து. காற்று வருகிறது, அடைக்க ஆள் கூப்பிடுகிறேன் என்றான் மகன். ஐம்பது வருஷம் கொத்தனாராக இருந்தவன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஆளா? ரோஷம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கலவையை அப்பி, கரண்டியால் வழித்துவிட்டேன். ஐந்து நிமிஷம். அடைக்கும் முன் உள்ளே பார் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். பார்க்கவில்லை.

மதியம் கீழே மணல் குவியலில் ஏதோ துடித்தது. கறுப்பாக ஒரு குஞ்சு. ஈரப் பூச்சை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்திருக்கிறது; பின்னாலேயே கலவை சரிந்து அந்த ஓட்டையை மூடிவிட்டது. இடது இறக்கை முழுக்க என் சிமெண்டு. இறக்கைக்கு அடியில் தோல் கிழிந்து ரத்தம்.

சிமெண்டு இறுகிவிட்டால் அது இறக்கையில்லை, கல். மருமகளிடம் சர்க்கரை டப்பாவைக் கேட்டேன்.

"டீ குடிக்கற நேரமா மாமா இது?"

சர்க்கரை பட்டால் சிமெண்டு இறுகாது. சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு இறகாகத் துடைத்தேன். பிறகு நல்ல தண்ணீரில் அலசினேன். இந்த வித்தை எனக்கு எப்படித் தெரியும் என்பது வேறு கதை. அதில் ஒருவன் வருவான். அவன் பெயரை இந்த வீட்டில் நான் சொல்வதில்லை.

இன்று காலை செருப்புப் பெட்டியில் வைத்து டாக்டரம்மாவிடம் கொண்டு போனோம். இது உழவாரக் குருவியாம். சாரத்தில் நின்று வேலை செய்த காலத்தில் நாங்கள் அரிவாள் குருவி என்போம். இறக்கை அப்படி வளைந்திருக்கும்.

"சர்க்கரைத் தண்ணியா? எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

"புத்தகத்தை எந்தப் பக்கம் திறக்கணும்னே எனக்குத் தெரியாதும்மா."

சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எலும்பு முறியல. இறகும் தப்பிச்சுது. ஆனா பறக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. இதுக்குத் தரையில நடக்கத் தெரியாது, கிளையில உட்காரத் தெரியாது. பறந்தா வானம் முழுக்க இதோடது. பறக்கலேன்னா இதுக்கு வாழ்க்கையே இல்ல."

31 கிராம். ஒரு கைப்பிடி மணல்கூட இதைவிடக் கனம்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் தாயும் தகப்பனும் அடைத்த பொந்தின் முன்னால் கத்திக்கொண்டு சுற்றின. பூச்சின் மேல் வந்து மோதித் திரும்பின. என்னால் பார்க்க முடியவில்லை. மகனிடம் சுத்தியலும் உளியும் கொடுத்தேன்.

"அப்பா, நீங்க பூசினதை உடைக்கச் சொல்றீங்களா? உடம்பு நல்லா இருக்கா?"

உடைத்தான். நன்றாக இறுகியிருந்தது. அதில் ஒரு துளி பெருமையும் வந்தது, வெட்கங்கெட்ட மனசு. ஒரு குருவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. குஞ்சைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டோம். புண் ஆறும்வரை மருந்து போட வேண்டும், வைக்கக் கூடாது என்றுவிட்டார்.

ஜூன் 21, சனி

வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. மற்றக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தும். இது பல் டாக்டரிடம் வந்த குழந்தை மாதிரி இறுக்கிக்கொள்கிறது. மருமகள் நகத்தால் மெல்ல அலகைப் பிரிக்க, நான் இடுக்கியால் சிள்வண்டை உள்ளே வைக்க, அது எங்கள் இருவரையும் முறைக்கிறது. பல்லி வளர்ப்பவர்களுக்கு விற்கிற கடையில் சிள்வண்டு கிடைக்கிறது. பல்லியையும் வளர்க்கிறார்களாம். மணிக்கு ஒரு தடவை தீனி. 33 கிராம்.

ஜூன் 23, திங்கள்

மகன் ஐஸ்கிரீம் என்று நினைத்து ஃப்ரீசரிலிருந்த சிள்வண்டு டப்பாவைத் திறந்துவிட்டான். வீடே அதிர்ந்தது. 36 கிராம் — குருவி. மகனை எடை போடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

39 கிராம். புண் காய்ந்துவிட்டது. இறகுகளில் ஒன்றுகூட உதிரவில்லை. டாக்டரம்மா போனில், "உங்க சர்க்கரை வேலை செஞ்சிருக்கு தாத்தா" என்றார்.

மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கதையைச் சொன்னால்தான் மேலே எழுதுவாளாம். சரி.

ஊர் நூலகம் கட்டிய வருஷம். வெள்ளத்தில் ஆற்றுப்பாலத்தின் நடுத்தூண் சாய்ந்த வருஷமும் அதுதான்; இன்றோடு நாற்பத்தொரு வருஷம். நாங்கள் ஆறு பேர் ஒரே கூட்டு. மேஸ்திரி, பெரியண்ணன், பாட்டுக்காரன், தூக்குக்குண்டு — சுவர் நேர் பார்க்க நூலில் தொங்கவிடும் குண்டு மாதிரி, நடக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடுவான் — நான், அப்புறம் ——.

(அந்த இடத்தில் கோடு போடச் சொன்னேன். போட்டுவிட்டாள்.)

படிக்கும் கூடத்தின் கூரைக்கு உள்பக்கப் பூச்சு என் வேலை. டீ போடுவது அவன் முறை. விளையாட்டாக என் கலவையில் சர்க்கரையைக் கொட்டிவிட்டான். மறுநாள் பூச்சு மாவு மாதிரி இருந்தது. இஞ்சினியர் அண்ணாந்து பார்த்தபோது ஒரு தட்டு அளவு பெயர்ந்து அவர் தலையிலேயே விழுந்தது. அவர் தொப்பி போடுகிற ஆளில்லை. சுவரோரம் பார்த்தால் எறும்பு வரிசை. டீ டப்பாவில் சர்க்கரை காலி. புரிந்துவிட்டது எனக்கு. மற்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். "நான்தான் போட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன்.

"நாற்பத்தொரு வருஷமா தெருவைக் கடந்துக்கிட்டு இருக்கீங்களா மாமா? அதான் முட்டி தேஞ்சுபோச்சு."

ஜூலை 1, செவ்வாய்

தண்டால் எடுக்கிறது! பொய்யில்லை. இரண்டு இறக்கை நுனிகளையும் பெட்டியின் தரையில் ஊன்றி, உடம்பை அந்தரத்தில் தூக்குகிறது. இடது பக்கம் கொஞ்சம் தாழ்கிறது. நான் எண்ணினேன், எட்டு. மகன் வந்து பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டுக்கு மேல வராது" என்றான். 45 கிராம்.

ஜூலை 4, வெள்ளி

தண்டால் இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் சமம். மட்டம் வைத்துப் பார்த்தாலும் சமம். 47 கிராம்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று சாயங்காலத்திலிருந்து தின்னவில்லை. உள்ளே வைத்தால் துப்புகிறது. 44. டாக்டரம்மா போனை எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை.

என்னடா உனக்கு? எங்க வலிக்குது? இத்தனை நாள் தின்னு தின்னு வளந்துட்டு — நான் ஏதும் தப்பாக் குடுத்துட்டேனா? சிமெண்டு வயித்துக்குள்ள போயிருக்குமோ? சாகடிக்கவா உன்னைக் காப்பாத்தினேன்?

மருமகள் இதையும் எழுதிவிட்டாள். அழிக்க வேண்டாம், இருக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

டாக்டரம்மா போனிலேயே கைதட்டினார். "வயித்தைக் காலியாக்கிக்குது தாத்தா. கனத்தைக் குறைச்சா லேசாப் பறக்கலாம்ல? அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. புதன்கிழமை விட்டுடுங்க."

பட்டினி கிடந்தது சாக இல்லை, கிளம்ப! நான் நேற்று முழுக்கப் பட்டினி. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

விடும் முறை: திறந்த மைதானம். உள்ளங்கையில் வைத்து, கையை முடிந்த மட்டும் உயரத் தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். தூக்கி எறியக் கூடாது. தானாகப் போகும். என் கை மார்புக்கு மேல் எழும்பாது, ஐம்பது வருஷம் தலைக்கு மேல் பூசியதன் பரிசு. மகன் குருவியைத் தொட மாட்டான். உயரமான கை வேண்டும். எங்கள் கூட்டில் அந்த உயரம் ஒருவனுக்குத்தான்.

"ஒரு நாற்காலி போட்டா நானே விட்டுருவேன் மாமா. உங்களுக்கு அவரைக் கூப்பிடணும்னு இருக்கு. அதைச் சொல்லுங்க."

இவளுக்கு யார் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்!

ஜூலை 8, செவ்வாய்

போனேன். தெருவைக் கடக்காமல் நேராக. கதவைத் திறந்தான். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஆனாலும் தலை வாசல் நிலையின் மேல்சட்டத்தில் இடிக்கிறது.

"கட்டையனா?"

"ஒரு குருவியைப் பறக்க விடணும். என் கை மேலே போகாது."

"எப்ப?"

"நாளைக்குக் காலைல. பந்து விளையாடற மைதானம்."

"சரி."

கதவைச் சாத்திவிட்டான். நான் திரும்பி நாலடி வைத்ததும் மறுபடி திறந்தது.

"டீ குடிக்கிறியா?"

"சர்க்கரை போடாம குடு."

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

42 கிராம். காற்று அளவாக இருந்தது. அவன் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். கல்யாணத்துக்கா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

குஞ்சை அவன் உள்ளங்கையில் வைத்தேன். கையை உயர்த்தினான். அப்பா, என்ன உயரம்! அது அங்கேயே உட்கார்ந்து நடுங்கியது. உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவன் கை சிலை மாதிரி நின்றது.

சட்டென்று கையிலிருந்து விழுந்தது. ஆமாம், விழுந்தது — புல் நுனியைத் தொடுகிற மாதிரி.  மருமகள் என் சட்டையைப் பிடித்தாள். அடுத்த நொடி புல்லை உரசிக்கொண்டு ஏறியது, கோல்கம்பத்துக்கு மேல், மரங்களுக்கு மேல், விளக்குக் கம்பத்துக்கும் மேல். மேலே கத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் எது நம்முடையது என்று தெரியவில்லை. எல்லாம் அரிவாள்.

அவன் இன்னும் கையை உயர்த்தியே நின்றான்.

"போயிடுச்சுடா. கையை இறக்கு."

"இறங்கல. பிடிச்சுக்கிச்சு."

நானும் மருமகளும் சேர்ந்து அந்தக் கையை இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்துத் தோளைத் தேய்த்துவிட்டோம். நான் தேய்க்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"ஒரு கை சர்க்கரை போடணும்னுதான்டா நெனச்சேன். ரெண்டு கை விழுந்திடுச்சு. வந்து சொல்லணும்னு ரெண்டு தடவை உன் தெருமுனை வரைக்கும் வந்தேன்."

"மூணாவது தடவையும் வந்திருக்கலாமே."

"எங்க வர? நீதான் எதிர்ப்பக்கம் போய்க்கிட்டே இருந்தியே."

சர்க்கரைத் தண்ணீர் கதையைச் சொன்னேன். வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப அதுல எனக்கும் ஒரு பங்கு உண்டு."

"உன் பங்குதான் இப்பப் பறந்து போச்சு."

சிரித்தான். நானும்.

ஜூலை 10, வியாழன்

எடை போட ஒன்றும் இல்லை. பெட்டி காலி. பொந்து திறந்தே இருக்கிறது; காற்று வராமல் அறைக்குள் பக்கம் மகன் ஒரு பலகை அடித்துவிட்டான். மீதிச் சிள்வண்டுகளை டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டோம்.

எழுத்து முடிந்தது என்று மருமகள் நோட்டை மூடினாள். இரு, இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றேன். நூலகம் பூசிய ஆறு பேரில், மேஸ்திரி போய்ப் பதினேழு வருஷம். பெரியண்ணன் அதற்கு மறு வருஷம். பாட்டுக்காரன் ஆஸ்பத்திரியில், பாடிக்கொண்டேதான் போனான். தூக்குக்குண்டு போன மழைக்காலத்தில். என்னைத் தவிர இன்னும் இருப்பது ஒரே ஒரு ஆள். இன்று மாலை டீ குடிக்க வருகிறான்.

"பேர் வர்ற இடத்துல வழக்கம்போலக் கோடு போட்டுரட்டுமா மாமா?"

வேண்டாம். பெயரையே எழுது, கொஞ்சம் பெரிதாக எழுது.

நெட்டையன்.