ராகு காலம் முடிந்ததும் கடலுக்குள்

நவம்பர் 21, வெள்ளி. ஈஜிபுரா

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. ஈரத் துண்டையே பைக்குள் திணித்தாயிற்று.

எடுத்துவைக்க: வாந்தி மாத்திரை, தட்டைச் செருப்பு, சேலை இரண்டு, ஊக்கு. கவுன் வாடகைக் கடையிலிருந்து நேரே வண்டிக்கு வந்துவிடுமாம்.

கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. கும்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கடலோரப் பூங்கா. செங்குத்துப் பாறை, அடியில் குகை. தண்ணீர் வடிந்திருக்கும்போது மட்டும் குகை வரைக்கும் நடந்து போகலாம். கிஷோர் கண்டுபிடித்த இடம். "அங்க எடுத்தா அப்படியே வெளிநாடு மாதிரி இருக்கும் நித்து." கடல் கடல் மாதிரி இருந்தால் போதாது போல.

அப்பா வேலூரிலிருந்து கூப்பிட்டார். திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது. "எதனா சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிடும்மா. அடிச்சு ஊருக்குக் குடுத்துட்டா அப்புறம் கஷ்டம்." எதையோ மோப்பம் பிடித்திருக்கிறார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லைதான். கிஷோர் குடிப்பதில்லை. என் புத்தகங்களுக்கென்று அலமாரி செய்யச் சொல்லியிருக்கிறான். ஜோகுபாளையத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், மரியாதையான மனிதர்கள். ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதை ஒரு காரணம் என்று யாரிடம் சொல்வது?

மாத்திரையை இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 22, சனி. கும்டா, லாட்ஜ். மாலை

குளித்து மூன்று மணி நேரம் ஆகிறது. காதுக்குள் இன்னும் மணல்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

போனது நான்கு பேர். நான், கி., போட்டோகிராபர் லோகேஷ், ஒப்பனைக்கு லிங்கராஜபுரம் மெர்ஸி அக்கா. எட்டு மணிக்குப் பூங்கா வாசல். வெயில் நன்றாக இருந்தது. உள்ளே படிக்கட்டு நெடுக சிப்ஸ் உறை, குழந்தையின் டயப்பர், வண்ணப்புகை விடுகிற காலிக் குப்பிகள். பாறை முகத்தில் ஆயில் பெயிண்டில் யார் யார் பெயரோ, இதயத்துக்குள். எங்களுக்கு முன்னால் இன்னொரு ஜோடி, அதே மாதிரி கவுன், அதே மாதிரி குனிந்து நெற்றியில் முத்தம். "அடுத்து" என்று கூப்பிடாததுதான் குறை.

கவுன். மெரூன் நிறம், பின்னால் ஆறடி வால். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் யாருடையதோ வியர்வை, அதன்மேல் யாருடையதோ சென்ட். கழுத்தின் உள்விளிம்பில் மூன்று நிறத்தில் முகப்பூச்சுக் கறை. எனக்கு முன்னால் மூன்று பெண்களாவது. நான்காவது நான். ஜிப் ஏறவில்லை. மெர்ஸி அக்கா ஊக்கு ஊக்காகக் குத்தினார். "மூச்ச உள்ள இழு கண்ணு. கல்யாணத்துக்கப்புறம் விட்டுக்கலாம்."

நான் தயாரானபோது ஒன்பது தாண்டிவிட்டது. கி.யின் அம்மா போனில்: "ஒம்போதுலருந்து பத்தர ராகு காலம் கண்ணா. சேந்து எடுக்கிற மொத படம், அதுல வேணாம்."

லோகேஷுக்கு அவசரம். "சார், தண்ணி ஏறதுக்குள்ள முடிக்கணும். பத்தரைன்னா கஷ்ட."

"அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா?" என்றான் கி.

கடலுக்குப் பஞ்சாங்கம் பார்த்து ஒன்றரை மணி நேரம் மேலே உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் மட்டும் நன்றாக இருந்தது. தண்ணீர் வற்றிய பாறைகள் கறுப்பாக மினுங்கின. குழிகளில் நண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு குழியும் நிரம்பிக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கி. தன் போனில் வேறு ஜோடிகளின் வீடியோ பார்த்தான்.

பத்தரைக்குச் சரியாக மறுபடி போன். "ஆச்சு, தொடங்குங்க."

இறங்கும்போதே காவலாளி விசில். முந்தாநாள்தான் அமாவாசை, இன்று தண்ணீர் குகை வரை வந்துவிடும் என்றார் கன்னடத்தில். கி. சிரித்துக்கொண்டே, "ஐது நிமிஷ அண்ணா, அஷ்டே." ஐந்தே நிமிடம். அவர், "சமுத்ரக்கே ஹேளி" என்றார். கடலிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சிரித்துவிட்டேன். கி. சிரிக்கவில்லை.

கவுனின் வாலைக் காற்றில் வீசிவிட்டு என் பின்னாலேயே பாறை மறைவில் குந்திக்கொள்வது மெர்ஸி அக்காவின் வேலை. இரண்டு தடவை எடுத்தார்கள். கணுக்கால், பிறகு முழங்கால். குந்தியிருக்கிறவருக்கு எவ்வளவு என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பக் கூடாது என்று உத்தரவு.

"மேடம், தாடை ஸ்வல்ப மேல. பல்லு வேணாம்."

"சார், தண்ணி மார் வரைக்கும் வந்துடுச்சு சார்." அக்கா.

"போதும் கிஷோர், மேல போலாம்." நான்.

"நித்து, முகத்த மாத்தாத. பெருசு ஒண்ணு வருது." பிறகு என் தோளுக்கு மேலாக, குரலை உயர்த்தாமல், அவ்வளவு பணிவாக: "அக்கா, தலை தெரியுது. இன்னும் குனிங்க."

அவர் குனிந்தார்.

அலை என்னை உட்காரவைத்தது. அக்கா வாலைப் பிடித்தபடியே பாறைமேல் சறுக்கிப் போனார். ஒட்டிக்கொண்டிருக்கிற சிப்பிகள் பிளேடு மாதிரி. காவலாளிதான் கயிற்றோடு இறங்கி இழுத்தார். அக்காவின் முழங்கால் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. கி. சொட்டச் சொட்ட நின்று கத்திக்கொண்டிருந்தான், "லோகேஷ், வந்துச்சா? அந்த அலை வந்துச்சா?"

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நானும் அக்காவும் மட்டும். லோகேஷ் கேமராவைத் துடைக்க வேண்டும், கி. லோகேஷோடு இருக்க வேண்டும். ஈரக் கவுன் தோலோடு ஒட்டிக்கொண்டு, ஊக்கு குத்திக்கொண்டு. அக்கா வலியிலும், "அந்த நர்ஸு பாத்த பார்வைய பாத்தியா? சர்ச்சுலருந்து உன்ன நான் கிளப்பிட்டு ஓடறேன்னு நெனச்சிட்டா." தையல் போடும்போது மட்டும் ஏசப்பா ஏசப்பா என்று என் கையை நசுக்கினார்.

மதியம் லாட்ஜில் கி.க்கு வறுத்த மீன். முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தட்டோரம் வைத்துக்கொண்டே, எண்ணெய் விரலால் வீடியோவை ஓட்டி ஓட்டிக் காட்டினான். ஓரத்தில் ஒரு கணம் அக்காவின் கை. "அந்தக் கைய கட் பண்ணிடலாம்." அவருக்குக் காலில் தையல் என்றேன். "அவங்க ஃபீல்டுல இதெல்லாம் சகஜம் நித்து."

நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அந்த அலையில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தாடை மேலே, பல் தெரியாமல், சொன்னபடி.

நவம்பர் 23, ஞாயிறு. ஈஜிபுரா

நாள் முழுக்க வண்டி. பின் சீட்டில் அக்கா காலை நீட்டி, என் மடிமேல். முன்னால் கி., ஸ்பீக்கரில் அவன் அம்மா: "பாத்தியா, ராகு காலம் கழிச்சுத் தொடங்கினதாலதான் இந்த மட்டோட போச்சு."

லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் வண்டி நின்றது. "உள்ள சந்துல திருப்ப முடியாது. இங்கயே இறங்கிக்கறீங்களா அக்கா?" கேள்வி மாதிரி இருந்தது, கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. நானும் இறங்கினேன்.

"நீ எங்க நித்து?"

"அக்காவ வீட்ல விட்டுட்டு வரேன். நீ போ."

போய்விட்டான். கை எல்லாம் ஆட்டினான், நல்லவிதமாகத்தான். அக்கா என் தோளில் பாதி எடையைப் போட்டு நொண்டினார். "கண்ணு, என் காலுக்காக நீ மூஞ்சத் தூக்கி வச்சுக்காத. ஆம்பளைங்க அப்படித்தான்." எல்லோரும் அப்படியில்லை அக்கா என்று சொல்ல வந்தது. எத்தனை பேரை எனக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் கி.யின் அம்மாவிடமிருந்து பத்திரிகையின் மாதிரி. வாட்ஸப்பில் தங்க எழுத்து. "உன் பேரு, டிகிரி சரியா இருக்கா பாத்து ஓகே போடும்மா. காலைல பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்." பிழை ஒன்றுமில்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பத்திரிகை வேணாம்ப்பா."

"அடிச்சானா?"

"இல்லப்பா."

"வேற பொண்ணு எதனா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாம்மா?"

சொன்னேன். பாறை, தண்ணீர், கவுன், இன்னும் குனிங்க. சொல்லச் சொல்ல அது சிறுத்துக்கொண்டே போயிற்று. ஒருவன் ஒருத்தியைக் குனியச் சொன்னான், அவ்வளவுதான். இதற்குப் போய் யாராவது கல்யாணத்தை நிறுத்துவார்களா? பாதியில் நிறுத்திவிட்டேன்.

பின்னால் டி.வி. சத்தம் நின்றது.

"அந்தம்மாவால இப்ப நடக்க முடியுதா?"

"நொண்டி நொண்டி நடக்கறாங்கப்பா."

"சரி. பிரஸ்ஸுக்கு நான் சொல்லிக்கறேன். அவங்க வீட்ல நான் பேசறேன். நீ போன எடுக்காத."

பிறகு போன் கை மாறியது. அம்மா கத்த ஆரம்பித்தாள்.