முப்பத்தொரு புத்தகமும் ஒரு ரப்பரும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒரு பார்சல். உள்ளங்கை அகலப் புத்தகம் ஒன்று. அதற்கு ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக், அதற்குள் இன்னோர் உறை. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பார்சலே ஏழு கிடக்கிறது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்தவர், பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, "நீ எங்க புத்தகம் வாங்கற? அட்டைப்பெட்டி வாங்கற, கூட ஒரு புத்தகம் இலவசமா வருது" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மை என்பதால்தான்.

வேலை பார்க்கும் அச்சகத்திலும், பிழை திருத்த மெய்ப்புப் பார்க்கிறேன் என்று ஒரே பக்கத்தை மூன்று தடவை அச்செடுத்துக் குப்பைக்கு அனுப்புகிறேன். எத்தனை மரமோ! போதும். இந்த வருடம் புதிதாக ஒரு புத்தகமும் கிடையாது. இருப்பதைப் படிப்பது, படித்ததைக் கொடுப்பது, வேண்டியதை இரவல் வாங்குவது.

மார்ச் 6

திரையில் படித்துப் பார்த்தேன். வேலையிலும் திரை, வீட்டிலும் திரை. கண் எரிகிறது. சரிப்படாது.

மார்ச் 9

மூன்றாம் மாடித் தையல்காரம்மா, மாடிப்படிக்குக் கீழே கிடந்த செருப்பு அலமாரியைத் துடைத்துப் புத்தக அலமாரி ஆக்கியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் வைக்கலாம், எடுக்கலாம். "கிறுக்கல் மட்டும் இருக்கக் கூடாதும்மா. துணியில கறை மாதிரிதான், யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

பரணில் தங்கையின் புத்தகப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. வேலைக்காக வெளியூர் போனபோது, "அக்கா, கொஞ்ச நாள் வச்சிரு" என்று விட்டுப்போனவை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு தடவையாவது கேட்டாளா?

மார்ச் 12

மூன்று நாளாக ரப்பரால் தேய்க்கிறேன். தங்கையின் முப்பத்தொரு புத்தகம், ஓரமெல்லாம் அவள் பென்சில் எழுத்து. ஒன்றையும் படிக்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவளின் கண்ணுக்கு எழுத்துதான் தெரியும், விஷயம் ஏறாது. மடி நிறைய ரப்பர் தூள்.

மார்ச் 15

கீழே அடுக்கினேன். சாயங்காலத்துக்குள் பதினொன்று போய்விட்டது. ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

மார்ச் 21

தங்கை ஃபோன் செய்தாள். முதுகில் அடிபட்டவர்களை நடக்கப் பழக்கும் வேலை அவளுக்கு. அடுத்த மாதம் வருகிறாளாம்.

"என் பெட்டியை எடுத்துக்கப் போறேன்க்கா. அந்தக் கடல் பயணப் புத்தகம் இருக்குல்ல? அதோட ஓரத்துலதான் நான் படுத்துக் கிடந்த ஏழு மாசமும் இருக்கு. இங்க ஒரு பொண்ணு என்னை மாதிரியே கிடக்கறா. அவளுக்குப் படிச்சுக் காட்டணும்."

நான் "ம்" என்றேன்.

மார்ச் 22

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 24

ஆறு வீட்டுக் கதவைத் தட்டினேன். கடல் பயணம் யாரிடமும் இல்லை. தையல்காரம்மா வீடு பூட்டியிருக்கிறது, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தங்கை சொன்னது "கொஞ்ச நாள்" இல்லை. "பத்திரமா வச்சிரு" என்றாள். ஒன்பதாம் தேதி எனக்குச் சாதகமாக மாற்றி எழுதியிருக்கிறேன்.

அவள் பதினெட்டு வயதில் மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தாள். ஏழு மாதத்தில் நான் போனது நான்கு தடவை. வேலை என்று சொன்னேன். என்ன பெரிய வேலை? பயம். அவள் எழுந்து நடக்கவே மாட்டாளோ என்று பயம். படிக்காமல் அழித்தது பழக்கதோஷமா? இல்லை, அதுவும் அதே பயம்தானா?

ஏப்ரல் 2

ஃபோனில் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ படிச்சியா அதை?"

"இல்ல."

"ஒரு வரிகூடவா?"

"இல்லடி."

"படிச்சிட்டு அழிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லக்கா."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5

தையல்காரம்மா ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக, நான் தேடியதைக் கேள்விப்பட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். எடுத்துப்போனவர் அவர்தான்! என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, என் விரலைப் பிடித்துப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தார். "தடவிப் பாரும்மா. துணியில தையலைப் பிரிச்சாலும் ஊசி போன தடம் தெரியுமே, அந்த மாதிரி இருக்கு."

தெரிந்தது. அடக் கடவுளே, தெரிந்தது. மல்லாந்து படுத்து எழுதினால் பேனா எழுதாது. அதனால் பென்சில். கைக்கு ஊன்ற இடம் இல்லாமல் அப்படி அழுத்தியிருக்கிறாள்.

ஏப்ரல் 11

காலை வெயில் ஜன்னலில் சாய்ந்து விழும் ஒரு மணி நேரம்தான் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. பூதக்கண்ணாடி, கூரான பென்சில். ஒவ்வொரு தடத்தின் மேலும் எழுதுகிறேன். இந்தத் தடவை படித்துக்கொண்டே.

88ஆம் பக்கம்: இன்னிக்கும் அக்கா வரல. வேலையாம்.

131: வரல.

140: அக்கா எப்ப வருவான்னு கேக்கறத விட்டுட்டேன்.

இந்த ஒன்றை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எழுதினேன்.

ஏப்ரல் 19

வந்தாள். நின்றபடியே கடல் பயணத்தைப் புரட்டினாள். 140இல் கை நின்றது. என்னைப் பார்த்தாள், புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். மற்ற புத்தகங்களில் நான் திரும்பச் சேர்த்து வைத்திருந்த இருபத்தாறையும் தொடக்கூட இல்லை. "சாப்பிட்டுப் போயேன்" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மே 14

தங்கையிடமிருந்து ஃபோன் இல்லை. புத்தகம் ஒன்றும் வாங்கவில்லை. கட்டிலடிப் பார்சலில் ஐந்து படித்தாயிற்று. அதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது.

ஜூன் 8, திங்கள்

பார்சல் வந்தது. "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்றார் வீட்டுக்காரர். "நான் வாங்கலைங்க" என்றேன். பழைய அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒட்டியிருந்த விலாசத் தாளில் தங்கையின் கையெழுத்து.

உள்ளே கடல் பயணம். சில பக்கங்களில் புதிதாக ஒரு கோணல் எழுத்து. தங்கை சொன்ன அந்தப் பெண்ணுடையதாக இருக்கும், அவளும் மல்லாந்துதானே கிடக்கிறாள்.

140ஐத் திருப்பினேன். நான் எடுத்து எழுதிய வரிக்குக் கீழே, தங்கையின் பென்சில்:

"இப்பக் கேக்கறேன். ஏன்க்கா வரல?"

ஓரத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். "பயமா இருந்துச்சுடி" என்று எழுதினேன். அழுத்தி எழுதினேன்.

நாளைக்கு அதே பெட்டியில் திருப்பி அனுப்ப வேண்டும்.