நைந்த கயிறும் முற்பிறப்பும்

1962 ஆனி 14, வியாழன்

கப்பலிலிருந்து அரிசி மூடைகளை இறக்கும்போது கயிறு அறுந்து, என்னோடு வேலை செய்யும் செல்லத்துரையின் கால் நசுங்கிவிட்டது. கயிறு நைந்துவிட்டதென்று கங்காணியிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தேன்.

“அது அவன்ரை முற்பிறப்புக் கர்மவினை” என்றார் கங்காணி, நெற்றி நிறையத் திருநீற்றோடு.

“ஓம், கர்மம்தான்” என்றார் புத்தசமயக்காரரான கிளாக்கர். எதிலும் ஒத்துப்போகாத இருவருக்கும் இதில் மட்டும் ஒரே வாய். கயிறு மாற்றுவது எந்தப் பிறப்பில் யாருடைய வேலை என்று இரண்டு சமயத்திலும் எழுதவில்லை போலும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் செல்லத்துரையின் மனைவி என்னிடம் கேட்டாள்: “அண்ணை, கயிறு எப்பிடி அறுந்தது? நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?”

“எல்லாம் விதி, தங்கச்சி” என்றேன்.

கங்காணி அங்கே இருக்கக்கூட இல்லை.